கட்டும் கணக்கும்: ‘கப்பிள்’ என்ற ஆங்கிலச் சொல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னை அறிமுகம் செய்த பேராசிரியர், “ஐயா இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அழைப்பிதழில் ஒரு மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டும் சரிதான். தமிழ் மேடையில் இரண்டு வார்த்தை என்றால் என்ன அர்த்தம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ’ என்று சொல்கிற அத்தை மூன்றாவது வாய்க்குத் தட்டைப் பிடுங்குவதில்லை. எண்ணைச் சொல்லி, எண்ணிக்கையைக் குறிக்காமல் விடுகிற பழக்கம் நமக்குப் பழையது. ஆங்கிலத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. அதுதான் இன்றையப் பேச்சு: ‘கப்பிள்’.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைப் புரட்டினால் ஒரே தலைப்பின் கீழ் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத பொருள்கள் வரிசையாக நிற்கும். கணவன் மனைவி. ஏதேனும் இரண்டு. சில. ரயில்பெட்டியைக் கோக்கிற வினை. இயந்திரவியலில் ஒரு விசை அமைப்பு. கூரையில் சாய்ந்து நிற்கிற இரண்டு கட்டைகள். வேட்டைநாயின் கழுத்துப்பட்டை. இன்றைய அகராதிகளில் பெரும்பாலும் ‘இரண்டு’ என்ற பொருள் முன்வரிசையிலும் நாயும் கூரையும் கடைசி வரிசையிலும் இருக்கும். வரலாற்றுப்படி பார்த்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தச் சொல் எண்ணாகப் பிறக்கவில்லை, கயிறாகப் பிறந்தது. கணக்கு பிற்பாடுதான் வந்தது. அந்தக் கணக்கும் நாளடைவில் தளர்ந்து ‘சில’ என்று ஆகிவிட்டது.

லத்தீனில் ‘கோபுலா’ என்று ஒரு சொல். கட்டு, வார், பிணைப்பு என்று பொருள். ‘கோ’ என்றால் சேர்ந்து. ‘ஆபெரே’ என்றால் பொருத்துவது. பொருத்தமானது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்குகிற ‘ஆப்ட்’ இந்த வீட்டுக்குப் பங்காளி. லத்தீன் ‘கோபுலா’ பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்து ‘கப்பிள்’ ஆனது. மூலச்சொல்லை இலக்கணக்காரர்கள் தேயாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எழுவாயையும் பயனிலையையும் கோக்கிற ‘இஸ்’, ‘ஆர்’ போன்ற வினைகளுக்கு ஆங்கில இலக்கணத்தில் ‘காப்புலா’ என்று பெயர். ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம், கயிறே தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்துக்குக் கயிறு வேண்டும்.

1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் இந்தச் சொல்லுக்கு முதற்பொருளாக நிற்பது தம்பதி இல்லை, இரண்டும் இல்லை. நாய்களைச் சேர்த்துக் கட்டுகிற சங்கிலி. ‘இரண்டு’ அடுத்ததாக வருகிறது. ஆணும் பெண்ணும் அதற்கும் பிறகு. முதற்பொருளுக்கு அவர் காட்டுகிற மேற்கோள் ஷேக்ஸ்பியரின் ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் வருகிறது. அரசி மீது பழி விழுகிறபோது ஆன்டிகோனஸ் என்ற பிரபு, அந்தப் பழி உண்மையானால் இனி என் மனைவியோடு ஒரே வாரில் கட்டப்பட்டுத்தான் நடப்பேன் என்கிற மாதிரி பேசுகிறார். மனைவியை நம்ப முடியாதவன் பேசுகிற பேச்சு அது. அங்கே ‘கப்பிள்’ என்பதில் அன்பு இல்லை, நாய்ப்பட்டைதான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு ஆங்கில வாசகர் அந்த வரியைப் படித்தால் ‘மனைவியோடு ஜோடியாகப் போவேன்’ என்று இனிமையாகப் புரிந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. இருநூறு முந்நூறு ஆண்டில் ஒரு சொல்லுக்குள்ளிருந்து கழுத்துப்பட்டை கழன்று விழுந்திருக்கிறது.

அந்தப் பட்டையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரண்டு தோல்பட்டைகள், நடுவே சில கண்ணிகள் கொண்ட குட்டைச் சங்கிலி. நரிவேட்டைக்குப் பழக்குகிறபோது இளநாயை ஒரு பட்டையிலும், தொழில் தெரிந்த கிழநாயை மறு பட்டையிலும் மாட்டி விடுவார்கள். இளசு முயலைப் பார்த்து ஓடினால் கிழடு இழுத்து நிறுத்தும். இப்படி இரண்டிரண்டாகக் கட்டிப் பழகியதால் நாய்களை எண்ணுவதும் இரண்டிரண்டாகவே ஆயிற்று. முப்பத்தைந்து நாய் என்று ஆங்கில வேட்டைக்காரர் சொல்வதில்லை. பதினேழரை ‘கப்பிள்’ என்பார். அரை ‘கப்பிள்’ என்றால் அரை நாய் இல்லை. துணைக்குக் கட்ட ஆள் இல்லாத ஒற்றை நாய். அந்த அரையை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை, அது அந்தத் தொழிலின் கணக்கு. ‘கப்பிள்ஸ்’ என்று பன்மை விகுதி போடவும் மாட்டார்கள். நாம் ‘பத்து ஜோடி மாடு’ என்பது போல எண்ணுக்குப் பின்னால் சொல் ஒருமையிலேயே நிற்கும். நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஊட்டி வேட்டைக் கழகம் வைத்து, வென்லாக் புல்வெளியில் வேட்டைநாய்களை விட்டார்கள். இங்கிலாந்து நரி கிடைக்காததால் குள்ளநரியைத் துரத்தினார்கள்.

நாயை அவிழ்த்துவிடுவதற்கும் ஆங்கிலத்தில் வினை உண்டு: ‘அன்கப்பிள்’. வேட்டை தொடங்குவது அந்தக் கணத்தில்தான். அதே வினை பிறகு ரயில்பெட்டிக்குப் போனது. 2014-இல் ஹாலிவுட் நடிகை க்வினெத் பால்ட்ரோவும் அவர் கணவரும் பிரிந்தபோது விவாகரத்து என்ற சொல்லைத் தவிர்த்து, விழிப்புணர்வோடு ‘அன்கப்ளிங்’ செய்துகொள்வதாக அறிவித்தார்கள். உலகமே கேலி செய்தது. எனக்கென்னவோ அவர்கள் அறியாமலே சொல்லின் ஆதிப்பொருளைத் தொட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அதன் அடியில் கிடந்தது கழற்றி மாட்டுகிற ஒரு பட்டைதானே.

இனி எண்ணுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் மொழிபெயர்க்கிறவர்கள் நித்தமும் இடறுகிறார்கள். ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்று ஒருவர் எழுதினால் அது இரண்டு நாளா, மூன்று நாளா? திட்டமான பதில் கிடையாது. சூழலைப் பொறுத்தது. ஆனால் திசை உண்டு. அது இரண்டில் நின்றுகொண்டு மேலே பார்க்கிற சொல். மூன்றாகலாம், பேச்சுவாக்கில் நான்கும் ஆகலாம். ஒன்றாக மட்டும் ஆகாது. நம்மவர்கள் இதை ‘ஓரிரு நாட்கள்’ என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. ‘ஓரிரு’ ஒன்றிலிருந்து இரண்டுவரை. மேலே போக அதற்கு வழியில்லை. ‘இரண்டொரு’ என்பதும் அப்படியே. ‘இரண்டு மூன்று நாள்’ என்பதுதான் நேர்ப்பொருத்தம். பேச்சுத்தமிழ் ‘ரெண்டு மூணு நாள்ல வந்துடறேன்’ என்று இதைச் சரியாகவே செய்கிறது. எழுத்துத்தமிழ்தான் அழகுக்காக ஒரு நாளைக் குறைத்துவிடுகிறது. கடன் வாங்கியவர் கடிதத்தை மொழிபெயர்க்கிறபோது இந்த ஒரு நாள் பெரிய நாள்.

அமெரிக்கர்கள் நடுவிலுள்ள ‘ஆஃப்’ என்ற இடைச்சொல்லையும் விழுங்கி ‘எ கப்பிள் டேஸ்’ என்று பேசுவார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் கைக்கொள்கிற ஏ.பி. நடைக்கையேடு இதை ஒப்பவில்லை. அந்தக் கையேடு இன்னொன்றும் சொல்கிறது. இரண்டு மனிதர்களைக் குறிக்கும்போது ‘கப்பிள்’ பன்மை வினை பெறும். ஒரே அலகாக எண்ணும்போது ஒருமை வினை பெறும். தேனிலவுக்குப் போன தம்பதி பன்மை. தலைக்கு அல்லாமல் ஜோடிக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறபோது அதே தம்பதி ஒருமை. காசு என்று வந்தால் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள் என்று இதை ஒரு வகுப்பில் சொன்னபோது, திருமணமான மாணவி ஒருவர் மட்டும் சிரித்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சிக்கலை ஆண்பால் பெண்பாலால் தீர்த்தார்கள். அவர்கள் மொழியில் ‘கூப்ள’ ஆண்பாலாக வந்தால் உறவால் சேர்ந்த இருவர், அல்லது இனப்பெருக்கத்துக்கான ஆணும் பெண்ணும். பெண்பாலாக வந்தால் வெறுமனே ஒரே வகையில் இரண்டு. பழைய இலக்கண ஆசிரியர்கள் இதைப் புறாவை வைத்து விளக்குவார்கள். ஒரு கூண்டைக் குஞ்சுகளால் நிரப்ப ஆண்பால் ‘கூப்ள’ புறா போதும். ஆறு பேர் விருந்துக்குப் பெண்பால் ‘கூப்ள’ புறா போதாது. ஒரே புறாக்கள்தாம். உயிரோடு சேர்ந்திருந்தால் ஒரு பால், சட்டியில் சேர்ந்திருந்தால் இன்னொரு பால். பிரான்சில் பெண்பால் வழக்கு இப்போது அரிதாகிவிட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அது உயிரோடு இருக்கிறது, ‘சில’ என்ற பொருளில்.

ஆங்கிலத்தில் இரண்டைச் சொல்ல வேறு சொற்களும் உண்டு. ‘பேர்’ சமம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றைப் போல் ஒன்று இருக்க வேண்டும், செருப்பைப் போல. கௌதாரியையும் துப்பாக்கியையும் எண்ணுகிற ‘பிரேஸ்’ இரு கைகளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘யோக்’ நுகத்தடி, மாட்டுக்கு. இவற்றோடு வைத்துப் பார்த்தால் ‘கப்பிள்’ எதைக் கேட்கிறது என்பது தெளிவாகும். ஒப்புமை அதற்கு வேண்டாம். கிழநாயும் இளநாயும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒரே வாரில் இருந்தால் போதும்.

‘கப்ளெட்’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் தொட்டுவிடுகிறேன். இது ‘கப்பிள்’ வீட்டுப் பிள்ளை, ஈரடிச் செய்யுள். குறளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலரும் அதை ‘கப்ளெட்’ என்கிறார்கள். ஆங்கிலக் ‘கப்ளெட்’ என்றால், போப், டிரைடன் என்ற கவிஞர்கள் காலத்து நடையை வைத்துச் சொன்னால், பத்துப் பத்து அசையுள்ள இரண்டு சம அடி, கடைசியில் இயைபு. குறளில் முதலடி நாற்சீர், இரண்டாமடி முச்சீர். சமம் என்கிற பேச்சே இல்லை. இதைக் காட்டி, குறளைக் ‘கப்ளெட்’ என்பது தவறு என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அந்தக் கட்சி இல்லை. சமம் வேண்டும் என்று கேட்பது ‘பேர்’ என்ற சொல்தான். ‘கப்பிள்’ கேட்பது ஒரு கட்டு. அந்தக் கட்டு குறளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அடியின் வாலில் முடிச்சு. நம்மிடம் பெரும்பாலான குறள்களில் அடியின் தலையில், எதுகையாக. அப்படிக் கட்டுவதற்கு நம் யாப்பிலக்கணம் வைத்த பெயரே தொடை. தொடுப்பது, பூத்தொடுப்பது.

இனிச் சொற்களை விட்டுப் பொருள்களுக்குப் போகிறேன். மொழித்துறை மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாலிடெக்னிக்கில் கட்டடவியல் படித்தவர்கள் ‘கப்பிள் ரூஃப்’ என்று படித்திருப்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களிலிருந்து இரண்டு கைமரம் சாய்ந்து வந்து உச்சியில் முட்டி நிற்கிற கூரை. பார்க்க எளிது, செலவும் குறைவு. ஆனால் அந்த இரண்டு கட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்கிற வேகத்தில் கீழே சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். அதனால் மூன்றரை மீட்டருக்கு மேல் அகலமான அறைக்கு இதைப் போட மாட்டார்கள். அதைவிட அகலம் வேண்டுமென்றால் இரண்டு கைமரத்தின் அடிமுனைகளையும் ஒரு கிடைக்கட்டையால் இணைத்துவிட வேண்டும். அதற்கு ‘கப்பிள் குளோஸ் ரூஃப்’ என்று பெயர். சாய்கிற இருவருக்கு உச்சியில் ஒரு சந்திப்பு போதவில்லை, அடியிலும் ஒரு கட்டு தேவைப்படுகிறது.

இயந்திரவியலுக்கு வருவோம். 1803-இல் பாரிஸில் லூயி புவான்ஸோ என்ற இளைஞர் நிலையியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஈபில் கோபுரத்தில் பொறித்திருக்கிற எழுபத்திரண்டு பெயர்களில் இவர் பெயரும் ஒன்று. அதுவரை அறிஞர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒரு பொருள்மீது எத்தனை விசைகள் செயல்பட்டாலும் அவற்றைக் கூட்டி ஒரே விசையாக்கப் பார்ப்பது வழக்கம். ஒரு வகை மட்டும் மசியவில்லை. இரண்டு விசைகள், அளவில் சமம், திசையில் எதிர், ஆனால் ஒரே கோட்டில் இல்லை, இணையான இரண்டு கோடுகளில். கூட்டினால் சுழி வருகிறது. சுழி என்றால் பொருள் சும்மா இருக்க வேண்டும். இருப்பதில்லை, சுழல்கிறது. பேருந்து ஓட்டுநர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பாருங்கள். ஒரு கை மேலே தள்ளுகிறது, மறு கை கீழே இழுக்கிறது. சக்கரம் எந்தப் பக்கமும் நகரவில்லை, திரும்புகிறது.

இந்த மசியாத வகையை விதிவிலக்கு என்று ஒதுக்காமல், இதையே ஓர் அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டார் புவான்ஸோ. அதற்கு ‘கூப்ள’ என்று பெயர் வைத்தார். எந்த விசைத் தொகுதியையும் கடைசியில் ஒரு விசையும் ஒரு ‘கூப்ள’யுமாகச் சுருக்கிவிடலாம் என்று காட்டினார். ‘கூப்ள’யை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாலும் அதன் திருப்புதிறன் மாறாது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரை ‘கூப்ள’ அன்று. வெறும் விசை, வேறு சாதி. வேட்டைக்காரர் கணக்கில் அரைக்கு இடம் இருந்தது. புவான்ஸோ கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ‘இரட்டை’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இணை’ என்கின்றன. எனக்கு இலங்கை வழக்கே உசத்தி. இரட்டை என்றால் எண்ணிக்கை தெரிகிறது, ஒன்றைப் போல் ஒன்று என்ற சாயலும் ஏறிவிடுகிறது, இரட்டைப்பிள்ளை மாதிரி. இங்கே இரண்டும் எதிரிகள். எதிரெதிராக இழுத்துக்கொண்டே ஒரே வேலையைச் செய்கிறார்கள். ‘இணை’யிலும் ஒரு சங்கடம் உண்டு; நாம் ‘இணை விசைகள்’ என்று வேறொன்றையும் சொல்கிறோம். இருந்தாலும் கட்டு அதில் தெரிகிறது.

‘தெர்மோகப்பிள்’ பற்றிச் சுருக்கமாக. 1821-இல் பெர்லினில் தாமஸ் ஸீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் வைத்திருந்த காந்த ஊசி திரும்பியது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார்; மின்னோட்டம் என்று விளங்கியது பிறகு. வீட்டில் ‘கேஸ் அவன்’ அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சுடருக்குப் பக்கத்தில் விரல்நுனி மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சுடர் அணைந்தால் அது ஆறி, கேஸ் வால்வு தானே மூடிக்கொள்ளும். அந்த விரலுக்குள் இருப்பது முனையில் பற்றவைத்த இரண்டு கம்பிகள். இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. இங்கே வேற்றுமைதான் வேலை செய்கிறது. ஆர்கன் வாத்தியத்தில், மின்சுற்றில், இன்னும் பல இடங்களில் இந்தச் சொல் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மனிதர்களுக்கு வருகிறேன். ஆங்கிலச் சட்டத்துக்குத் தம்பதியை எண்ணத் தெரிந்ததே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765 முதல் வெளியிட்ட சட்ட விளக்கத்தில் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர். அந்த ஒரே நபர் யார் என்று கேட்க வேண்டியதில்லை, கணவன்தான். மனைவி தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டைக் குறிக்கிற சொல்லுக்கு ஒன்று என்று மதிப்பு.

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் வேறு பக்கம் திரும்பியது. தாலி கட்டாமல், அவர்கள் ஊர்ப்படி சொன்னால் மோதிரம் மாற்றாமல், ஒரே வீட்டில் இருக்கிற இருவரை அரசு உதவித்தொகைக் கணக்கில் என்னவென்று எழுதுவது? தனியாள் என்றால் ஒரு தொகை. கணவன் மனைவி போல் வாழ்கிறவர்கள் என்றால் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், தொகை குறையும் அல்லது நின்றே போகும். கிரேக் என்ற வழக்கின் தீர்ப்பில் இதற்கு ஆறு அடையாளங்கள் ஏற்கப்பட்டன. ஒரே குடித்தனமா, உறவு நிலையானதா, பணம் பொதுவா, தாம்பத்திய உறவு உண்டா, குழந்தை உண்டா, ஊராருக்கு முன்னால் தம்பதி என்று காட்டிக்கொள்கிறார்களா. இவற்றில் ஒன்றிருந்தால் போதும் என்றோ, ஆறும் வேண்டும் என்றோ கணக்கில்லை. மொத்தமாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இருவர் இருப்பதைப் பார்க்க ஓர் அதிகாரியின் கண் போதும். இருவருக்கும் இடையிலுள்ள வாரைக் கண்டுபிடிக்க ஆறு கேள்வி தேவைப்பட்டது. கேட்கக் கூடாத கேள்வியும் அதில் ஒன்று என்று எனக்குப் படுகிறது. 2005 டிசம்பரில் ஒருபால் இணையருக்குக் குடிமைக் கூட்டுறவு என்ற பதிவு முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆணும் பெண்ணும் அதே பதிவைக் கேட்டு உச்ச நீதிமன்றம்வரை போய் 2018-இல் வென்றார்கள். 2019 டிசம்பர் 31 முதல் அவர்களுக்கும் அது கிடைத்தது. கட்டு வேண்டும், ஆனால் கல்யாணம் என்ற பெயர் வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை.

நம் ஊர் வழக்கில் இந்தச் சொல் இரண்டு கடைகளில் புழங்குகிறது. கல்யாண வரவேற்பில் ‘கப்பிள்ஸ்’. ஒரே ஜோடியானாலும் பன்மை விகுதியோடு. ஹார்ட்வேர் கடையில் ‘முக்கால் இன்ச் கப்ளிங் ரெண்டு குடுங்க’. கிணற்று மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற ‘லவ்ஜாய் கப்ளிங்’ என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனியின் பெயர் அது, கல்யாணத்துக்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் மும்மூன்று பல், நடுவில் ஆறு கை கொண்ட ரப்பர். இரண்டு தண்டும் இம்மி அளவு நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் ரப்பர் தாங்கிக்கொள்ளும். ரப்பர் தேய்ந்தால் மோட்டார் போடுகிற சத்தம் நாலு வயலுக்குக் கேட்கும்.

ரயிலுக்கு வருகிறேன். ‘கப்பிள்’ என்றால் என்ன என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது ரயிலில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெட்டிகளை வளையமும் ஆணியும் வைத்துக் கோத்தார்கள். ஒரு பெட்டி உருண்டு வரும், இன்னொன்று நிற்கும். நடுவில் ஒரு ஆள் நின்று வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து எதிர்த்துளைக்குள் நுழைத்து, ஆணியைப் போட வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போகும், கை போகும், நெஞ்சும் நசுங்கும். வேலை கேட்டு வருகிறவனுக்கு அனுபவம் உண்டா என்று அறிய அவன் கைவிரலை எண்ணிப் பார்த்தால் போதும் என்று அந்தக் காலத்தில் பேச்சு. வர்ஜீனியாவில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாவாக இருந்த ஈலை ஜேனி, இரு கைவிரல்களையும் மடக்கிக் கோத்தது போன்ற கொக்கி ஒன்றை மரத்தில் செதுக்கிப் பார்த்து, 1873-இல் காப்புரிமை பெற்றார். பெட்டிகள் முட்டிக்கொண்டால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். கம்பெனிகள் செலவுக்குத் தயங்கின. அயோவா மாநிலத்தின் லொரென்சோ காஃபின் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு 1893-இல் சட்டம் வந்தது. முட்டினால் தானே கோத்துக்கொள்கிற, ஆள் நடுவில் போகாமலே கழற்றக்கூடிய ‘கப்ளர்’ எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும். கெடு தள்ளித் தள்ளிப் போடப்பட்டு 1900 ஆகஸ்ட் 1-இல் முடிந்தது.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, யூட்டா மாநிலத்தில் பிராமன்டரி நிலையம். சதர்ன் பசிபிக் கம்பெனியின் பிரேக்காரர் ஜான்சன், ஓர் எஞ்சினை உணவுப்பெட்டியோடு கோக்கப் போனார். எஞ்சினில் ஜேனி கொக்கி. பெட்டியில் மில்லர் கொக்கி. இரண்டும் தானியங்கி. தன் இனத்தோடு முட்டினால் இரண்டும் தானே பூட்டிக்கொள்ளும். ஒன்றோடு ஒன்று முட்டினால் பூட்டிக்கொள்ளாது. ஜான்சன் நடுவில் போய் வளையமும் ஆணியும் வைத்துக் கோக்க முயன்றார். கை நசுங்கி, மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

வழக்கில் கம்பெனியின் வாதம் எளிமையானது. எஞ்சினில் தானியங்கிக் ‘கப்ளர்’ உண்டா? உண்டு. பெட்டியில் உண்டா? உண்டு. சட்டம் கேட்டது அவ்வளவுதானே. விசாரணை நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனிப் பக்கம் தீர்த்தன. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தலைமை நீதிபதி ஃபுல்லர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஒரு கொக்கி தனியாகத் ‘தானே கோக்கும்’ என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. எதிரில் வருகிற கொக்கியோடு கோத்தால்தான் அது கோப்பது. ஆளை நடுவிலிருந்து வெளியேற்றத்தான் சட்டம் வந்தது. நடுவே போக வைக்கிற இரண்டு கொக்கிகள் எத்தனை உயர்ந்தவையானாலும் சட்டத்தை நிறைவேற்றவில்லை. எஞ்சினும் ‘வண்டி’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றும் சொல்லி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இதே சிக்கல் நம் தண்டவாளத்துக்கும் வந்தது. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்த பெட்டிகளில் பல்லாண்டுகளாக ஸ்க்ரூ கப்ளிங். எழும்பூரில் வண்டிக்கு எஞ்சின் மாட்டுகிற நேரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஊழியர் குனிந்து, இரண்டு பஃபருக்கும் நடுவில் நுழைந்து, கனத்த இரும்புக் கண்ணியைத் தூக்கி எதிர்க்கொக்கியில் மாட்டி, நடுவிலுள்ள திருகைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி இறுக்குவார். பிறகு காற்றுக்குழாய்களை இணைத்துவிட்டு வெளியே வந்து கைகாட்டுவார். 2000-க்குப் பிறகு வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் நடு பஃபர் கப்ளர், முட்டினால் பூட்டுகிற இனம். 2018 ஜனவரியில் பெரம்பூர் ஆலை பழைய வடிவப் பெட்டி செய்வதை நிறுத்திவிட்டது. இரண்டு இனப் பெட்டிகளும் பல ஆண்டு ஒரே பாதையில் ஓடின, எஞ்சினோ எதற்கும் போய் நிற்க வேண்டியது. அதனால் நம் எஞ்சின்களின் முகப்பைக் கவனித்தால், நடுவே தானியங்கிக் கொக்கியும், பழைய பெட்டி வந்தால் மாட்டிக்கொள்ள அதே கொக்கியில் பொருத்திய ஒரு ஸ்க்ரூ கப்ளிங்கும், இரு பக்கமும் பழைய பஃபர்களும் சேர்ந்தே இருக்கும். ஜான்சன் நின்ற இடத்தில், பழைய பெட்டிகள் வரும்போது, நம் ஊழியர் இன்னும் குனிந்து நுழைகிறார்.